84,000 ரூபாய் லேப்டாப்புக்காகச் செயினை அடகு வைக்கலாமா?

மன்னார்குடிக்குப் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். பெயரும் ஊரும் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார். நீளமான கடிதம், சுருக்கித் தருகிறேன்.

அப்பா பதினைந்து மா குத்தகை நிலத்தில் சம்பா சாகுபடி செய்கிறார். வாசகிக்கு வயது 26. மன்னார்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறார். தம்பிக்குத் தஞ்சாவூரில் ஒரு தனியார் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் இன்ஜினியரிங் கிடைத்திருக்கிறது. ஹாஸ்டலில் தங்கிப் படிக்கப் போகிறான். லேப்டாப் கட்டாயம் வேண்டும், அதிலும் கேமிங் லேப்டாப்தான் வேண்டும் என்கிறான். தை அறுவடையில் கொள்முதல் நிலையத்தில் நெல் போட்ட பணத்தில் 40,000 மிச்சம், வாசகியின் சேமிப்பு 25,000. ஆக 65,000 ரூபாய் கையில் இருக்கிறது.

அவர்கள் முன்னால் மூன்று லேப்டாப் இருக்கின்றன. தம்பி காட்டியது 84,000 ரூபாய், ஆர்டிஎக்ஸ் 4050 கிராபிக்ஸ் கார்டு (விளையாட்டின் படங்களை வரையும் தனிச் சிப்) உள்ளது. தஞ்சாவூர்க் கடை ஒன்றில், "ஐ7, 16 ஜிபி ரேம், 8 ஜிபி கிராபிக்ஸ், எல்லா கேமும் ஓடும்" என்று 33,000 ரூபாய்க்கு ஒரு பழைய லேப்டாப்பைத் தருகிறார்கள். மாமா சொல்வது 56,000 ரூபாயில் மெல்லிய புது லேப்டாப். ஐ5-1335யு, 16 ஜிபி ரேம், தனி கிராபிக்ஸ் கார்டு கிடையாது. அம்மாவுக்குப் பயம் வேறு: கேம் ஆட வாங்கிக் கொடுத்தால் ரம்மி ஆடிக் கடனாளியாகிவிடுவான் என்கிறார். வாசகி கேட்பது இதுதான்: "தம்பி கேட்டதையே வாங்கிக் கொடுக்க, என் செயினைக் கூட்டுறவு வங்கியில் வைத்து 19,000 புரட்டலாமா? இல்லையென்றால் அத்தை மகனின் கிரெடிட் கார்டில் நோ காஸ்ட் இஎம்ஐ போடலாமா? நானும் அதிலேயே டேலி பழகி, டிஎன்பிஎஸ்சி வகுப்பு பார்க்கலாம் என்று நினைக்கிறேன்."

சகோதரி, முதலில் செயினைப் பற்றிப் பேசிவிடுவோம். வேண்டாம். லேப்டாப் சர்வீஸ் செய்வதும், வாங்க வருகிறவர்களுக்கு வழி சொல்வதும்தான் என் தொழில். வாங்கிய மறுநாளே விலை இறங்கத் தொடங்குகிற பொருள் இது. இரண்டு வருடம் கழித்து விற்கப் போனால் பாதி விலை கேட்பதே பெரிய விஷயம். அதற்காக வைத்த நகைக்கு வட்டி மட்டும் மாதாமாதம் ஓடிக்கொண்டிருக்கும். ஆவணி, புரட்டாசியில் நாற்றங்கால், உழவு, உரம் என்று அப்பாவுக்குப் பணம் தேவைப்படும். ஹாஸ்டல் மெஸ் பில்லும் அதே நேரத்தில்தான் வரும். அந்தச் செயின் அப்போது கையில் இருக்க வேண்டும்.

பணத்தை விட்டுவிட்டுத் தொழில் ரீதியாகப் பார்த்தாலும், அந்தக் கூடுதல் 19,000 உங்கள் தம்பி ஆடுகிற விளையாட்டுகளுக்குத் தேவைப்படாது. எப்படி என்று கீழே சொல்கிறேன்.

அத்தை மகனின் கார்டும் வேண்டாம். நோ காஸ்ட் இஎம்ஐ என்பதில் வட்டி இல்லாமல் போவதில்லை. வட்டி அளவுக்கு முன்கூட்டியே தள்ளுபடி காட்டுகிறார்கள். பல நேரம் மொத்தமாகக் கட்டுகிறவருக்குக் கிடைக்கும் தள்ளுபடி இதில் போய்விடும். பிராசஸிங் கட்டணம் தனி. வங்கி போடுகிற வட்டிக்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி தனி. ஒரு தவணை தவறினால் கெடுவது அவருடைய கிரெடிட் ஸ்கோர், அதோடு உறவும்.

ஐ7 என்றால் உசத்தியா?

உங்கள் கடிதத்தில் பெரிய தவறான எண்ணம் இதுதான். உங்கள் மேல் குற்றமில்லை, கடைகளே இப்படித்தான் சொல்லி விற்கின்றன. நீங்கள் அனுப்பிய படத்தில் அந்த 33,000 ரூபாய் லேப்டாப்பின் பிராசசர், அதாவது அதன் மூளையான சிப், என்ன என்று முழு எண்ணோடு தெரிகிறது: ஐ7-6600யு. கோட்டுக்கு அடுத்த எண் தலைமுறையைச் சொல்கிறது. 6600 என்றால் ஆறாம் தலைமுறை, 2015-இல் வந்தது. எண் ஐந்து இலக்கமாக இருந்தாலோ, நான்கு இலக்கமாக இருந்து 1-இல் தொடங்கினாலோ முதல் இரண்டு இலக்கங்களைப் பாருங்கள்; 12450 என்றால் பன்னிரண்டாம் தலைமுறை, 1335 என்றால் பதின்மூன்றாம் தலைமுறை. கடைசி எழுத்தும் முக்கியம். 'யு' என்றால் மின்சாரம் குறைவாக எடுக்கும் வகை, 'எச்' என்றால் அதிக வேகத்துக்கானது.

ஐ7-6600யு-வுக்குள் இருப்பது இரண்டே கோர், அதாவது வேலை செய்யும் கைகள் இரண்டே. 2022-இல் வந்த ஐ3-1215யு-வில் ஆறு கோர், ஐ5-12450எச்-சில் எட்டு. புது ஐ3-க்கு முன்னால் அந்தப் பழைய ஐ7 நிற்காது. அதோடு, விண்டோஸ் 11-ஐ மைக்ரோசாஃப்ட் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் ஆதரிக்கிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-இல் முடிந்துவிட்டது. கடைக்காரர் ஏதாவது வழி செய்து விண்டோஸ் 11 ஏற்றிக் கொடுப்பார். நாளைக்கு ஒரு அப்டேட்டில் சிக்கல் வந்தால் கேட்க ஆள் இருக்காது.

"8 ஜிபி கிராபிக்ஸ்" எங்கிருந்து வந்தது தெரியுமா? அந்த லேப்டாப்பில் கிராபிக்ஸ் கார்டே இல்லை. பிராசசருக்குள் இருக்கும் சிறிய கிராபிக்ஸ் தேவைப்பட்டால் ரேமிலிருந்து கடன் வாங்கிக்கொள்ளும். அப்படி எவ்வளவு வாங்கலாம் என்று விண்டோஸ் காட்டுவது மொத்த ரேமில் பாதி. 16-இல் பாதி 8. அதைத்தான் கிராபிக்ஸ் மெமரி என்று சொல்லி விற்கிறார்கள். கடைக்காரரிடம் டாஸ்க் மேனேஜரைத் திறக்கச் சொல்லி, 'டெடிகேட்டட்' என்ற இடத்தில் எவ்வளவு இருக்கிறது என்று பாருங்கள். உண்மை அங்கே தெரிந்துவிடும்.

ஐ3, ஐ5, ஐ7 எல்லாம் இன்டெல் கம்பெனியுடையவை. அதன் போட்டிக் கம்பெனியான ஏஎம்டி பக்கமும் இந்தக் குழப்பம் உண்டு. ரைசன் 5 7520யு என்று பார்த்தால் 7-இல் தொடங்குகிறதே, புதுசுதானே என்று தோன்றும். அந்த வரிசையில் உள்ளே இருக்கும் வடிவமைப்பைச் சொல்வது மூன்றாவது இலக்கம். அது 2 என்றால் உள்ளே இருப்பது பழைய ஜென் 2, நான்கு கோர். பெயர் புதுசு, சரக்கு பழசு.

பழைய லேப்டாப்பே கூடாது என்று நான் சொல்லவில்லை. கம்பெனிகள் லீஸ் முடிந்து திருப்பித் தருகிற லேப்டாப்கள் உடம்பு கெட்டியானவை. எட்டாம் தலைமுறையோ அதற்கு மேலோ, நியாயமான விலையில், கடை வாரண்டியோடு கிடைத்தால் படிப்புக்கும் கணக்குக்கும் தாராளமாகப் போதும். கேமுக்கு வாங்காதீர்கள்.

தம்பி ஆடப்போவது என்ன?

நல்ல வேளையாக நீங்கள் பட்டியல் அனுப்பியிருக்கிறீர்கள்: வேலரண்ட், ஜிடிஏ 5, "இனி வரப்போகிற ஜிடிஏ 6". இந்தப் பட்டியல் இல்லாமல் யார் லேப்டாப் யோசனை சொன்னாலும் அது குருட்டு யோசனைதான்.

வேலரண்டைத் தயாரிக்கும் ரயட் கேம்ஸ், நொடிக்கு 144 பிரேம் (படம்) வேண்டும் என்பவர்களுக்குச் சொல்வதே ஜிடிஎக்ஸ் 1050 டிஐ என்ற பழைய கார்டைத்தான். ஜிடிஏ 5 கணினிக்கு வந்தது 2015-இல். அன்றைக்குப் பரிந்துரைத்த கார்டு ஜிடிஎக்ஸ் 660. இரண்டுக்கும் ஆர்டிஎக்ஸ் 4050 என்பது தேவைக்கு மீறிய பலம். ஜிடிஏ 6-ஐப் பொறுத்தவரை அதைத் தயாரிக்கும் ராக்ஸ்டார் அறிவித்திருப்பது பிளேஸ்டேஷன் 5-க்கும் எக்ஸ்பாக்ஸ் சீரிஸுக்கும்தான். கணினிக்கான தேதி சொல்லாத ஒரு விளையாட்டுக்காக இன்றைக்கே 84,000 போடுவதில் அர்த்தமில்லை. தம்பியிடம் இதை நேராகவே சொல்லுங்கள், அவனுக்கே தெரிந்திருக்கும்.

மாமா சொன்ன 56,000 ரூபாய் லேப்டாப்பிலும் இந்த இரண்டு விளையாட்டும் ஓடும். படத்தின் தரத்தைக் குறைத்து வைத்துக்கொள்ள வேண்டும், அவ்வளவுதான். ஆனால் ஒரு கண்டிஷன். அதிலிருக்கும் ஐரிஸ் எக்ஸ்இ கிராபிக்ஸ் முழு பலத்தோடு வேலை செய்ய ரேம் இரண்டாகப் பிரிந்து இருக்க வேண்டும், அதாவது 8-ம் 8-ம். ஒரே 16 ஜிபி ரேம் மட்டும் இருந்தால் அதன் வேகம் வெகுவாகக் குறையும். வாங்கும்போது இதைக் கேட்கிறவர்கள் மிகக் குறைவு.

அம்மாவின் பயத்துக்கும் பதில் சொல்ல வேண்டும். பணம் கட்டி ஆடும் ரம்மி வேறு, இந்த விளையாட்டுகள் வேறு. ரம்மிக்கு கிராபிக்ஸ் கார்டு தேவையில்லை. அது எல்லோர் கையிலும் இருக்கும் ஃபோனிலேயே ஓடியது. பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளைத் தடை செய்து நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டமே கொண்டுவந்துவிட்டது. அம்மா கவனிக்க வேண்டியது வேறொன்று: விளையாட்டுக்குள்ளேயே துப்பாக்கிக்கு டிசைன், உடுப்பு என்று வாங்கச் சொல்லித் தூண்டுவார்கள். வேலரண்டிலும் உண்டு. வீட்டுக் கணக்கோடு இணைந்த யுபிஐ அவனுடைய ஃபோனில் இருக்க வேண்டாம். அவனுக்கென்று சிறிய தொகையோடு தனிக் கணக்கு போதும்.

பின்னால் மாற்ற முடியாததற்கு முதலில் பணம்

லேப்டாப் வாங்க வருகிற எல்லோரிடமும் நான் சொல்வது இதுதான். ரேமைப் பெரும்பாலும் பின்னால் கூட்டலாம். கோப்புகள் தங்கும் எஸ்எஸ்டி போதவில்லையென்றால் பெரியது போடலாம். பேட்டரி மாற்றலாம். கிராபிக்ஸ் கார்டையும் பிராசசரையும் மாற்ற முடியாது, இரண்டும் மதர்போர்டோடு சேர்த்துப் பற்றவைத்தவை. உள்ளே இருக்கும் காற்றோட்ட அமைப்பையும் மாற்ற முடியாது. அதனால் இன்றைக்கு இருக்கும் பணம் முதலில் இந்த மூன்றுக்கும் போகட்டும்.

இதை வைத்துப் பார்த்தால் என் யோசனை நான்காவது ஒன்று. ஐ5-12450எச் அல்லது ரைசன் 5 7535எச்எஸ் போன்ற பிராசசரோடு ஆர்டிஎக்ஸ் 3050, 6 ஜிபி மெமரி உள்ளதாகத் தேடுங்கள். 4 ஜிபி உள்ளதும் அதே பெயரில் விற்கிறது. புது விளையாட்டுகளுக்கு அது திணறும். உங்கள் பணத்துக்குள் அடங்கவில்லையென்றால் ஆர்டிஎக்ஸ் 2050-க்கு இறங்கலாம், தம்பியின் பட்டியலுக்கு அதுவே ஓடும். எஸ்எஸ்டி 512 ஜிபி. ரேம் 16 இருந்தால் நல்லது. முன்பெல்லாம் 8 ஜிபியோடு வாங்கிப் பிறகு கூட்டிக்கொள்ளுங்கள் என்பேன். 2025 கடைசியில் மெமரி சிப் விலை உலகம் முழுக்க ஏறிவிட்டதால் அந்தக் கணக்கு இப்போது சரிவருவதில்லை. 8 ஜிபி மாடலுக்கும் 16 ஜிபி மாடலுக்கும் விலையில் எவ்வளவு வித்தியாசம் என்று கேட்டு, தனியாக ரேம் வாங்கும் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

கார்டின் பெயர் மட்டும் போதாது, வாட்டையும் கேளுங்கள். ஆர்டிஎக்ஸ் 4050 என்ற ஒரே கார்டு, லேப்டாப்பைப் பொறுத்து 35 வாட்டிலிருந்து 115 வாட் வரை எடுக்கும்படி வைத்திருக்கிறார்கள். அப்பாவைக் கேட்டால் சொல்வார்: 5 எச்பி மோட்டார் என்று எழுதியிருந்தாலும், வருகிற வோல்டேஜுக்குத் தக்கபடிதான் தண்ணீர் தள்ளும். அதுபோலத்தான் இதுவும். தம்பி காட்டியது மெல்லிய உடம்புள்ள மாடல் என்றால், நல்ல காற்றோட்டமுள்ள ஒரு 3050 அதற்கு வெகு அருகில் வந்துவிடக்கூடும்.

இதற்குக் கொடுக்கும் விலையையும் சொல்லிவிட வேண்டும். கேமிங் லேப்டாப் இரண்டேகால், இரண்டரை கிலோ இருக்கும். சார்ஜர் தனியாக அரைக் கிலோவுக்குக் குறையாது. மாதம் ஒருமுறை வடுவூர் வழி பஸ்ஸில் தூக்கி வருவது பெரிய விஷயமில்லை. தினமும் ஹாஸ்டலிலிருந்து வகுப்புக்குத் தூக்கிப் போவது கஷ்டம். பேட்டரியும் மெல்லிய லேப்டாப் அளவுக்கு நிற்காது. குறிப்பாக ரைசன் 7 7435எச்எஸ் என்ற பிராசசர் உள்ளவை குறைந்த விலைக்கு வருகின்றன. அதில் பிராசசருக்குள் கிராபிக்ஸ் இல்லை, அதனால் நோட்ஸ் படிக்கும்போதும் பெரிய கார்டே ஓடிக்கொண்டிருக்கும், சார்ஜ் இறங்கிக்கொண்டே இருக்கும். ஹாஸ்டலில் மேஜை மேலேயே வைத்து ஆடுகிறவனுக்கு அது சரி, வகுப்புக்குக் கொண்டுபோகிறவனுக்குச் சரிவராது.

ஆகவே கல்லூரியில் தினமும் லேப்டாப் கொண்டுவரச் சொல்கிறார்களா என்று சீனியர் ஒருவரிடம் கேளுங்கள். ஆமாம் என்றால் மாமா சொன்னதுதான் சரியான தேர்வு, 9,000 மிச்சமும் ஆகும். இல்லையென்றால் நான் சொன்ன 3050. அப்படியே ஹாஸ்டல் வைஃபையில் கேம் ஓடுமா என்றும் கேட்கச் சொல்லுங்கள். பல கல்லூரிகள் கேம் சர்வர்களைத் தடுத்து வைத்திருக்கின்றன. அங்கே ஓடாது என்று தெரிந்தால் தம்பியின் ஆசையே மாறிவிடலாம்.

"ஏஐ பாடத்துக்கு கிராபிக்ஸ் கார்டு கட்டாயம்" என்று தம்பி சொன்னதாக எழுதியிருக்கிறீர்கள். இருந்தால் உதவும், கட்டாயமில்லை. கூகுள் கோலாப் போன்ற இடங்களில் மாணவர்கள் இணையம் வழியே இலவசமாகவே ஜிபியு (கிராபிக்ஸ் சிப்) பயன்படுத்திப் பழகலாம். ஸ்னாப்டிராகன் பிராசசர் உள்ள லேப்டாப்களும் நல்ல விலையில் வருகின்றன. பேட்டரி அருமையாக நிற்கும், ஆனால் வேலரண்ட் அதில் ஓடாது. அதனால் அதை விட்டுவிடுங்கள்.

சூடு, பதர், கரண்ட்

நம் பக்கத்தில் லேப்டாப்கள் சாவதற்குப் பெரும்பாலும் இந்த மூன்றும்தான் காரணம். கடையில் இதை யாரும் பேசுவதில்லை.

கேம் ஓடும்போது கார்டும் பிராசசரும் சேர்ந்து கொதிக்கும். அந்தச் சூட்டை அடியிலிருந்து காற்றை இழுத்துப் பின்னாலோ பக்கவாட்டிலோ தள்ளித்தான் வெளியேற்றுகிறார்கள். சித்திரை, வைகாசியில் அறைக்குள்ளேயே காற்று அனலாக இருக்கும்போது, மெத்தை மேலும் தலையணை மேலும் வைத்து ஆடினால் இழுக்கக் காற்றே கிடைக்காது. லேப்டாப் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். "புதுசாக இருந்தபோது நன்றாக ஓடியது, இப்போது இழுக்கிறது" என்று வருகிறவற்றில் பல, உள்ளே தூசு அடைத்தவைதான். மேஜை மேல் வைத்து, பின்பக்கம் ஒரு புத்தக உயரத்துக்குத் தூக்கிவிட்டாலே நிறைய வித்தியாசம் தெரியும்.

களத்தில் நெல் தூற்றும் நாளில் திண்ணையில் லேப்டாப் திறந்து வைக்கவே கூடாது. பதரும் உமித்தூசும் ஈரக்காற்றோடு சேர்ந்து ஃபேன் இறக்கையிலும் செப்புத் தகடுகளிலும் அப்பிக்கொள்ளும். வருடத்துக்கு ஒருமுறை திறந்து சுத்தம் செய்து, சிப்பின் சூட்டைக் கடத்தும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருக்கும், அதை மாற்றுங்கள். வாரண்டி காலத்தில் அதைக் கம்பெனி சர்வீஸ் சென்டரிலேயே செய்யச் சொல்லுங்கள். வீட்டில் புளோயர் வைத்து ஊதினால், ஃபேன் சுழலாதபடி பிடித்துக்கொண்டு ஊத வேண்டும். இல்லையென்றால் கண்டபடி சுழன்று ஃபேனே கெட்டுவிடும்.

கரண்டுக்கு வருவோம். சார்ஜரில் 100 முதல் 240 வோல்ட் என்று போட்டிருக்கும், அதனால் லோ வோல்டேஜுக்குப் பயப்பட வேண்டியதில்லை. பயப்பட வேண்டியது எர்த்துக்கு. கேமிங் லேப்டாப் சார்ஜருக்கு மூன்று பின் இருக்கும். வீட்டில் இரண்டு பின் சாக்கெட்தான் இருக்கிறது என்று மேல்பின்னை உடைத்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். உடம்பைத் தொட்டால் சுரீர் என்கிறது என்று பிறகு கொண்டுவருவார்கள். உடைக்காதீர்கள். ஒரு எலக்ட்ரீஷியனை வைத்து எர்த் சரியாக இருக்கும் மூன்று பின் பாயின்ட் ஒன்று போட்டுக்கொள்ளுங்கள், செலவு அதிகமில்லை. ஐப்பசி, கார்த்திகையில் இடி இடித்தால் சார்ஜரைக் கழற்றிவிட வேண்டும். சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. வீட்டு இன்வெர்ட்டர் ஸ்கொயர் வேவ் வகை என்றால் அதில் கேம் ஆட வேண்டாம், சார்ஜர் சூடாகும். எப்படியும் பேட்டரியில் ஓடும்போது கேமிங் லேப்டாப் முழு வேகம் தராது.

ஒரே இடத்தில் சார்ஜர் செருகியபடியே நாள் முழுக்க இருக்கப் போகிறது என்றால், லேப்டாப்போடு வரும் செயலியிலேயே சார்ஜை 80 சதவீதத்தோடு நிறுத்திக்கொள்ளும் வசதி இருக்கும். முதல் நாளே போட்டுவிடச் சொல்லுங்கள். பேட்டரி கூடுதல் நாள் நிற்கும்.

கடையில் கேட்டு எழுதி வாங்க வேண்டியவை

பிராசசரின் முழு எண், கிராபிக்ஸ் கார்டின் பெயர், மெமரி, வாட், ரேமுக்கு எத்தனை ஸ்லாட், இரண்டாவது எஸ்எஸ்டி போட இடம் உண்டா, இவற்றை ஒரு தாளில் எழுதித் தரச் சொல்லுங்கள். வாரண்டி வீட்டுக்கே வந்து பார்க்கும் வகையா, நாம் தூக்கிக்கொண்டு போகும் வகையா என்றும் கேளுங்கள். வீட்டுக்கு வருவதாகச் சொன்னால் ஹாஸ்டலின் பின்கோடுக்கும் உங்கள் கிராமத்தின் பின்கோடுக்கும் வருவார்களா என்று கம்பெனியின் உதவி எண்ணிலேயே கேட்டுவிடுங்கள். கடைக்காரர் வாய்வார்த்தை போதாது.

பில் ஜிஎஸ்டி பில்லாக, உங்கள் பெயரிலோ தம்பி பெயரிலோ, சீரியல் எண்ணோடு இருக்க வேண்டும். "பில் வேண்டாமென்றால் விலை குறைத்துத் தருகிறேன்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள். பெட்டியின் மேலுள்ள சீரியல் எண்ணும் லேப்டாப் அடியிலுள்ளதும் ஒன்றா என்று பாருங்கள். அந்த எண்ணைக் கம்பெனி இணையதளத்தில் போட்டால் வாரண்டி எப்போது தொடங்கியது என்று தெரியும். புதுசு என்று விற்கிறதில் வாரண்டி பல மாதத்துக்கு முன்பே ஓடத் தொடங்கியிருந்தால் அது ஷோகேஸில் வைத்திருந்ததாகவோ, ஒருவர் வாங்கித் திருப்பியதாகவோ இருக்கலாம். ஆன்லைனில் வாங்கினால் பெட்டியைப் பிரிக்கும்போது முதலிலிருந்து கடைசி வரை நிறுத்தாமல் வீடியோ எடுங்கள்.

"விற்ற பொருள் திரும்பப் பெற மாட்டாது" என்று பில்லில் அச்சடித்திருப்பதைப் பார்த்து நிறையப் பேர் ஒதுங்கிவிடுகிறார்கள். குறையுள்ள பொருளுக்கு அது செல்லாது. 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளை பில்லில் சொன்ன காலத்துக்குள், அப்படி எதுவும் சொல்லவில்லையென்றால் 30 நாளுக்குள், திரும்பப் பெற மறுப்பதே நியாயமற்ற வணிக நடைமுறை. பில் தர மறுப்பதும் அப்படித்தான். முதலில் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் பதியுங்கள். அதிலேயே தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையம். கடை தஞ்சாவூரில் இருந்தாலும், ஆன்லைன் கம்பெனி பெங்களூரில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் திருவாரூர் மாவட்டத்திலேயே வழக்குப் போடலாம். 5 லட்ச ரூபாய் வரையுள்ள பொருளுக்குக் கட்டணம் கிடையாது. பிரச்சினை ஏற்பட்டதிலிருந்து இரண்டு ஆண்டுக்குள் போட வேண்டும்.

உங்களுக்கு ஒரு லேப்டாப்

கடிதத்தில் போகிறபோக்கில் ஒரு வரி எழுதியிருக்கிறீர்கள், அது என்னை விடவில்லை. அந்த லேப்டாப்பிலேயே நீங்களும் டேலி பழகி, வகுப்பு பார்க்கப் போவதாகச் சொல்கிறீர்கள். தம்பி தஞ்சாவூர் ஹாஸ்டலில், நீங்கள் ஊரில். லேப்டாப் அவனோடுதான் இருக்கும். உங்கள் சேமிப்பு 25,000-ஐ முழுக்க அவனுக்குக் கொடுத்துவிட்டு உங்கள் பரீட்சையைத் தள்ளிப்போடாதீர்கள்.

பிளஸ் டூவில் அரசு கொடுத்த லேப்டாப் பரணில் கிடக்கிறது, 'ரொம்ப ஸ்லோ' என்று எழுதியிருக்கிறீர்கள். அதைக் கீழே இறக்குங்கள். அது மெதுவாக இருப்பதற்குப் பெரிய காரணம் உள்ளே இருக்கும் ஹார்ட் டிஸ்க். அதை எடுத்துவிட்டு 256 ஜிபி சாட்டா எஸ்எஸ்டி ஒன்று போட்டால் திறக்கும் நேரமே மாறிவிடும். ரேம் ஸ்லாட் காலியாக இருந்தால் இன்னொரு 4 ஜிபி. பழைய வகை ரேம் என்பதால் சர்வீஸ் கடைகளில் செகண்ட் ஹேண்டாகவே கிடைக்கும். பேட்டரி செத்திருந்தால் சார்ஜரிலேயே ஓட்டிக்கொள்ளலாம். உப்பியிருந்தால் மட்டும் உடனே கழற்றிவிட வேண்டும். கும்பகோணம், மன்னார்குடி, தஞ்சாவூர் எங்கே கொடுத்தாலும் ஒரு நாள் வேலைதான்.

அதில் விண்டோஸ் 11 போகாது. விண்டோஸ் 10-க்குத் தனிநபர்களுக்கான நீட்டித்த பாதுகாப்பு அப்டேட் 2026 அக்டோபர் வரைதான். அதனால் அந்த லேப்டாப்பில் வங்கிக் கணக்கு, யுபிஐ எதுவும் வேண்டாம். டேலியும் வகுப்பு வீடியோவும் மட்டும் போதும். டேலிபிரைமைப் பழகுவதற்கென்று இலவசக் கல்வி முறையிலேயே திறக்கலாம். மாதத்தின் 1, 2, 31 தேதிகளில் மட்டும்தான் பதிய விடும், பழக அது போதும். டேலி வேண்டாம், வகுப்பும் தமிழ் தட்டச்சும் மட்டும் போதும் என்றால் விண்டோஸுக்குப் பதிலாக லினக்ஸ் மின்ட் போட்டுக்கொள்ளலாம். இலவசம், அப்டேட்டும் தொடர்ந்து வரும்.

வேலைக்குக் கொடுக்குமுன், பழைய ஹார்ட் டிஸ்க்கைக் கையில் திருப்பித் தரச் சொல்லிவிடுங்கள். உள்ளே உங்கள் சான்றிதழ் நகல், ஆதார், ஃபோட்டோ எல்லாம் இருக்கும். ஒரு யுஎஸ்பி கேஸ் வாங்கி அதில் போட்டால், தம்பியின் பாடங்களுக்கும் சேர்த்து பேக்கப் எடுத்து வைக்க ஆகும்.